மருக்கொழுந்துக்கு மூன்று ஷிஃப்ட்

காலை ஆறு இருபதுக்கு என் மகள் ஒரு மருக்கொழுந்து இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தாள். அந்த விரல்களை என் மூக்கருகே நீட்டினாள். புல் வாசனை அடித்தது. பள்ளிக்கூட மைதானத்தில் புல் வெட்டுகிற நாளில் வகுப்புக்குள் வந்து நிற்குமே, அந்த வாசனை. அடுத்த செடியில் ஒரு கொழுந்தைக் கிள்ளினாள். அதுவும் புல். அதற்கடுத்த செடியும் புல்.

"எனக்கு சளி புடிச்சிருக்குதும்மா. நீ நல்லா மோந்து பாரு," என்றாள்.

அவளுக்குச் சளி இல்லை. எனக்கும் இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. வருகிற வெள்ளிக்கிழமை பூக்கார அம்மா வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருப்பவர். அங்கிருந்து பெங்களூருக்கும் சரக்கு அனுப்புகிறவர். மருக்கொழுந்தில் பூ என்று பெருமையாகச் சொல்ல ஒன்றும் கிடையாது. நிறமும் கிடையாது. மல்லிகைச் சரத்தின் நடுவே ஒரு கொழுந்தை வைத்துக் கட்டுவது அதன் மணத்துக்காக மட்டும்தான். மணமில்லாத மருக்கொழுந்தை மாட்டுக்குப் போட்டால் மாடே ஒரு நிமிடம் யோசிக்கும்.

ஒரு வெள்ளாமைதானே, போனால் போகிறது என்று பிறகு பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஆறுதல் சொல்வதற்குச் செலவில்லை என்பதால் இந்த ஊரில் அது தாராளமாகக் கிடைக்கும். என் மகள் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கச் சுரங்கம் மூடிப்போன எங்கள் தங்க வயலில் பாதிப் பேரைப் போல விடியும் முன் ரயிலேறி, இருட்டிய பின் வந்து இறங்குவாள். ஒருநாள் உள்ளே நிற்க இடமில்லாமல் பெட்டியின் வாசலில் நின்றபடி வந்தவள், ஓடுகிற ரயிலில் மயங்கிச் சரிந்தாள். பின்னால் நின்றிருந்த யாரோ ஒரு பெண் அவளுடைய தோள்பையின் வாரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள். அந்த வார் அறுந்திருந்தால் என்று நினைக்கவே கூடாது என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். பையைத் தூக்கிப்போட மனம் வராமல் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இப்போதும் ரயிலின் ஊதல் கேட்டால், வகுப்பில் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாலும் என் கை அங்கேயே நின்றுவிடும். பிள்ளைகளுக்கு இது பழகிவிட்டது. ரயில் போகும்வரை அவர்களும் பேனாவை வைத்துவிட்டு எனக்காகக் காத்திருக்கிறார்கள்.

வேலையை விட்டபோது அவள் சொன்னது இதுதான்: "ஒரு வெள்ளாமை பாக்கறன். இது போச்சின்னா கம்முனு மறுபடி ரயில் ஏறிடுவன். நீ அழக்கூடாது." நான் தலையாட்டினேன். பாலகாட் சுரங்கப் பகுதி தாண்டி, ஒரு விவசாயியிடம் சின்னதாக ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தாள். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இருக்கவில்லை. ஆனால் அந்த நிலத்தில் தண்டவாளம் கிடையாது.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. நாங்கள் முதலில் பார்த்தபோது அந்த நிலம் சுட்ட செங்கல்லைப் போல இருந்தது. தண்ணீர் விட்டால் உள்ளே இறங்காது. மேலே நின்று, வெயிலில் காய்ந்து, பாளம் பாளமாக வெடிக்கும். மண்வெட்டி போட்டால் டங்கென்று சத்தம் வரும். ஒரு மண்புழுகூடக் கிடையாது. வருடக்கணக்காக யூரியா மூட்டைகளைக் கொட்டிக் கொட்டி எடுத்த நிலம். சொந்தக்காரர் அதைப் பெருமையாகவே சொன்னார். "மூட்டை போடலன்னா இங்க களைகூட முளைக்காதும்மா." சொந்த நிலத்தை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர், அதையே நிலத்தின் குற்றமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளெல்லாம் ஃபெயில் ஆனால் பிள்ளைகள் மக்கு என்று சொல்கிற ஆசிரியர்களையும் நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் மகள் ஒரு வருடம் அந்த மண்ணில் எதையும் விற்பதற்காகப் பயிரிடவில்லை. உரத்துக்காகச் சணப்பு விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுதாள். நன்றாக மக்கின மாட்டெருவைக் கொஞ்சமாகப் போட்டாள். சருகை அள்ளிவந்து மூடி வைத்தாள். ஐ.டி. வேலையை விட்டுவிட்டுச் சாணி அள்ளுகிறாள் என்று எங்கள் தெருவில் சிரித்தார்கள். சிரித்தவர்களின் பிள்ளைகள் காலையில் ரயில் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். மழைக்குப் பிறகு ஒருநாள் அவள் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி வந்து என் உள்ளங்கையில் வைத்தாள். பொலபொலவென்று உதிர்ந்தது. அதற்குள் ஒரு புழு நெளிந்தது. நான் கையை உதறினேன். அவள் சிரித்தாள். மயங்கி விழுந்ததற்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அதனால் அந்தப் புழுவின் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. எங்கள் வீட்டு ஆண்கள் மேல் இருப்பதைவிட அதிகம் என்றே சொல்லலாம்.

கார்த்திகையில் நாற்று நட்டாள். இந்தக் குளிருக்கும் பனிக்கும் மருக்கொழுந்து நன்றாக வந்தது. பொங்கலுக்கு முன்பே வேலியருகில் போய் நின்றால் மணம் வந்து மூக்கில் ஏறும். வேறு வேலையாய் அந்த வழியே போனவர்கள்கூட நின்று முகர்ந்துவிட்டுப் போனார்கள். தோட்டம் நன்றாக இருந்தது. அதுதான் தவறாகப் போயிற்று. நன்றாக இருக்கிற எதையும் எங்கள் வீட்டில் சும்மா விட மாட்டார்கள்.

என் கணவருக்குப் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை. பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இயற்கை விவசாயப் பயிற்சி நடக்கிறது என்று என்னையும் அழைத்துப் போனார். மேடையில் ஒருவர் வெள்ளைச் சட்டையும் செருப்பில்லாத காலுமாக நின்று பேசினார். மண் நம் தாய் என்றார். கைதட்டினார்கள். தாயின் பசியைத் தீர்க்க ஒரு பாட்டில் வைத்திருந்தார். மீனும் வெல்லமும் சேர்த்து ஊறவைத்த கரைசல். அதில் தீங்கே இல்லை என்று காட்ட, மூடியில் ஊற்றி எல்லோர் முன்னாலும் குடித்தார். மறுபடியும் கைதட்டினார்கள். என் கணவர் எழுந்து நின்று தட்டினார். வெளியே வந்தபோது வாசலில் கார் நின்றிருந்தது. மேடையில் பேசியவருடைய செருப்பு அதற்குள் இருந்தது.

"பாத்தியா, அவரே குடிச்சாரு," என்றார் என் கணவர், ரயிலில் வரும்போது.

"குடிச்சவரு செடியா?" என்று கேட்டேன். அவர் அங்கே வாங்கிய பாட்டில்களை மடியில் இறுக்கிக்கொண்டார். பிறகு அவற்றை வீட்டில் நான் பார்க்கவில்லை; தொழிற்சாலையில் யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தவர் என் அண்ணன். சுரங்கம் மூடும்வரை அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். மூடிய பிறகு எல்லா விஷயத்திலும் கருத்துச் சொல்லும் வேலை பார்க்கிறார். அதற்கு ஷிஃப்ட் கிடையாது, நாள் முழுக்க நடக்கும். மகளுக்குக் காலை நேரம் மட்டும் தோட்டம். பிறகு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிற சின்ன வேலை ஒன்று பிடித்திருந்தாள். மதியம் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள அண்ணன் ஒப்புக்கொண்டார். மாலையில் ரயில் இறங்கி, வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவார். "மூணு ஷிஃப்டும் ஃபுல்லு," என்று அண்ணன் சொல்லிக்கொண்டார். அந்தச் சொல்லில் அவருக்கு ஒரு மயக்கம். நிலத்துக்குப் போனாலும் சுரங்கத்தின் கேஜ் லிஃப்டில் இறங்குகிற மாதிரி, கையில் ஒரு டிபன் பாக்ஸோடுதான் போவார்.

அந்த ஞாயிறு காலை, புல் வாசனை அடித்த இலைகளைக் கீழே போட்டுவிட்டு, என் மகள் கேட்டிலிருந்து நிலத்தின் கடைக்கோடி வரைக்கும் வரிசை வரிசையாக நடந்தாள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கொழுந்தைக் கசக்கினாள். நான் பின்னாலேயே போனேன். பாதி தூரம் வரை புல்தான். அதன் பிறகு மெதுவாக, யாரோ அடுத்த அறையில் ஊதுபத்தி கொளுத்தியதுபோல லேசாக ஒரு மணம். கடைசி வரிசைகளில் அது மருக்கொழுந்துதான் என்று சொல்ல முடிந்தது. பழைய வேகம் இல்லை. ஆனால் இருந்தது.

திரும்பி நின்று பார்த்தபோது கண்ணுக்கே தெரிந்தது. மருக்கொழுந்தின் இலை மேல் சாம்பல் தூவியது போல ஒரு வெளுப்பு இருக்கும். கடைக்கோடியில் அது இருந்தது. கேட்டுப் பக்கம் செடிகள் கன்னங்கரேலென்று, தண்டு தடித்து, கீரைப்பாத்திபோல மதர்த்து நின்றன. இரண்டு வாரமாக அதைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டு ஆண்கள் பூரித்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் களைக்கொத்தியால் கேட்டருகில் மண்ணைக் கிளறினாள். மேல் மண் பிசுபிசுவென்று ஒட்டியது. புளித்த நாற்றம் வந்தது. ஈ மொய்த்தது. ஆழமாகத் தோண்டியும் ஒரு புழுகூட இல்லை. கடைக்கோடியில் போய்த் தோண்டினாள். முதல் கொத்திலேயே மண் பொலபொலவென்று விழுந்தது, புழுக்கள் இருந்தன. முதல் மழையின் வாசனை வந்தது.

"யாரோ இன்னாவோ போட்டிருக்காங்கம்மா," என்றாள். "கேட்டுல இருந்து ஆரம்பிச்சு, அந்தக் கடைசிக்கு வராம நிறுத்தியிருக்காங்க."

யாரோ என்று அவள் சொன்னது மரியாதைக்காக.

ஒன்பது மணிக்கு அந்த யாரோ இரண்டு பேரும் இட்லிப் பொட்டலத்தோடு வந்தார்கள். அண்ணன் கேட்டருகில் நின்று, மகன் பாஸானதைப் பார்க்கிற அப்பனைப்போலச் செடிகளைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, எப்டி கருகருன்னு நிக்குது பாத்தியா. எல்லாம் மாமா கை."

"மாமா கைல இன்னா இருந்துச்சு?" என்று கேட்டாள் என் மகள்.

"கோழி எரு. நம்ம கூட்டாளி கோழிப் பண்ணை வெச்சிருக்கான்ல, பச்சையா, சூடா, அப்பப்போ எடுத்தாந்து போட்டன். உனக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லல."

என் கணவர் இட்லிப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். "கோழி எருவா? மச்சான், நான் மீன் கரைசல் ஊத்திகினு கீறனே."

"நீ எப்ப ஊத்தன?"

"சாய்ங்காலம் வரும்போது. பக்கெட்ல கலந்து ஊத்திட்டுத்தான் வீட்டுக்கே வருவன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா மாப்ள?"

"நீங்க சொன்னீங்களா?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுகூட அவர்களுக்கு வெட்கம் வரவில்லை. தன்னுடைய புண்ணியத்தில் இன்னொருவன் பங்கு கேட்கிறானே என்ற வருத்தம்தான் வந்தது. தினமும் ஒரே நிலத்தில் கால் வைத்தவர்கள். அண்ணன் போட்ட எருவின் மேல் நின்றுதான் என் கணவர் கரைசலை ஊற்றியிருக்கிறார். நாறவில்லையா என்று கேட்டேன். "மீன் நாத்தம்னு நெனச்சன்," என்றார் ஒருவர். "கோழி நாத்தம்னு நெனச்சன்," என்றார் மற்றவர்.

அண்ணன் அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். "அண்டர்கிரவுண்டுல அப்டித்தாம்மா. நாங்க கேஜ்ல மேல ஏறும்போது அடுத்த ஷிஃப்ட்டு ஆளு கீழ எறங்குவான். பேச ஏது நேரம்? நம்ம பங்கு வேலைய நாம முடிச்சி வெக்கணும். முன்ன இருந்தவன் இன்னா பண்ணான்னு நோண்டிகினு இருந்தா அது அவன நம்பாத மாதிரி ஆவும்."

"அண்ணா, கீழ இருந்தப்போ உங்களுக்கு ஃபோன் இல்ல. இப்ப ரெண்டு பேரு பாக்கெட்லயும் ஃபோன் கீது. தினம் காலைல ரோஜாப்பூ படம் போட்டு குட்மார்னிங் அனுப்பறீங்க. அதுக்குக் கீழ கோழி எரு போட்டன்னு ஒரு வரி எழுதினா வெரல் தேஞ்சிடுமா?"

"இன்னாத்துக்கு இப்டி கத்தற. கெமிக்கலா போட்டுட்டோம்? ஆர்கானிக்குதான?" என்றார் அண்ணன்.

அந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதைச் சொல்லிவிட்டால் அளவு வேண்டாம், கேள்வி வேண்டாம், மூளை வேண்டாம். மாட்டு மூத்திரத்திலிருந்து மீன் தலை வரைக்கும் எதையும் எவ்வளவும் ஊற்றலாம். மூட்டை போட்டு மண்ணைக் கல்லாக்கியவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் இவர்கள். அவராவது மூட்டைக்குக் காசு கொடுக்கிறோமே என்று அளந்து போட்டிருப்பார். இவர்களிடம் இருந்தது நல்லெண்ணம். அதற்கு அளவே கிடையாது.

என் மகள் கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வரப்பில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். "மாமா, நான் போட்டது மக்கின எரு. அது கொஞ்சம் கொஞ்சமாத்தான் செடிக்குப் போவும். மண்ணுல இருக்கற புழு, பூச்சி எல்லாம் அத தின்னு, அதுங்க குடுக்கற மீதியத்தான் செடி துன்னும். நீங்க போட்டது பச்சை. அது நேரா யூரியா மாதிரியே போயி அடிக்கும். சூடு தாங்காம புழு ஓடிச்சி. செடிக்கு சோத்து மேல சோறு. அது இலை விட்டுகினே இருக்குது. வாசம் வெக்கறதுக்கு அதுக்கு நேரமே இல்ல."

"அப்ப இன்னா பண்ணலாம் கண்ணு? மோரு ஊத்தலாமா? புளிச்ச மோரு சூட்டத் தணிக்கும்," என்றார் அண்ணன்.

"ஒண்ணுமே பண்ணாதீங்க மாமா. அதான் பண்ணணும்."

"ஒண்ணுமே பண்ணாம எப்டி?" என்று என் கணவர் உண்மையாகவே திகைத்துக் கேட்டார்.

அவள் கேட்டுப் பக்கத்து எருவைச் சுரண்டி எடுத்து வெளியே கொட்டினாள். சொட்டுநீர்க் குழாயின் வால்வை மூடினாள். செடி கொஞ்சம் தாகத்தில் நின்றால், இலை விடுவதை நிறுத்திவிட்டு மணத்தைச் சேர்த்துவைக்கும் என்று எண்ணினாள். எண்ணினாள் என்றுதான் சொல்ல வேண்டும்; நிச்சயமாக அவளுக்கும் தெரியாது. பிறகு கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்து கேட்டில் போட்டாள். இந்த ஊரில் ஆடு வராமல் இருக்க, திருடன் வராமல் இருக்கப் பூட்டுப் போடுவார்கள். நாங்கள் சொந்தக்காரர்கள் வராமல் இருக்கப் போட்டோம்.

கடைக்கோடி எப்படித் தப்பியது என்று அன்று மாலைதான் தெரிந்தது. அண்ணனுக்கு முட்டி வலி. எருக்கூடையைத் தூக்கிக்கொண்டு கடைக்கோடி மேட்டில் ஏற முடியாது. கேட்டருகிலேயே கொட்டி, கைக்கெட்டிய தூரம் வரை வீசியிருக்கிறார். என் கணவருக்குப் பாம்புப் பயம். இருட்டிய பிறகு செல்போன் விளக்கு தெரிகிற தூரத்துக்கு மேல் அவர் போனதில்லை. மேட்டுப் பக்கம் பிழைத்தது இவர்களுடைய அக்கறையால் அல்ல, சோம்பலாலும் பயத்தாலும். இதை நான் இரண்டு பேரிடமும் சொன்னேன். அண்ணன் கோபித்துக்கொண்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே போய், கேட்டுக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். பரீட்சைத் தாள்களை அங்கேயே திருத்தினேன். "இன்னா டீச்சரம்மா, இலைக்கு காவலா?" என்று வழியில் போனவர்கள் கேட்டார்கள். சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று தூசியை வாரிக்கொண்டு வந்தபோது தாள்களை மடியில் போட்டு முந்தானையால் மூடிக்கொண்டேன். வெயிலில் செடிகள் தலையைத் தொங்கப் போட்டன. வால்வு என் காலடியில்தான் இருந்தது. ஒரு திருகு திருகினால் போதும். பாவமாக இருந்தது. அப்போதுதான் அந்த இரண்டு மூடர்களையும் கொஞ்சம் புரிந்துகொண்டேன். ஆனால் என் கை வால்வைத் தொடவில்லை. அவர்கள் கை தொட்டிருக்கும்.

வியாழக்கிழமை அண்ணன் ஒரு பக்கெட்டோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்.

"வெறும் தண்ணிம்மா. சத்தியமா வெறும் தண்ணி. வாடிகினு கீது பாரு, கண்ணால பாக்க முடியல."

"அப்ப கண்ண மூடிகினு போங்க."

"நீ இன்னா, என் கூடப் பொறந்தவளா இல்ல செக்யூரிட்டியா?"

"இந்த ஷிஃப்ட்டு முடியற வரைக்கும் செக்யூரிட்டி," என்றேன். அவர் தண்ணீரைக் கேட்டுக்கு வெளியே நின்ற எருக்கஞ்செடிக்கு ஊற்றிவிட்டுப் போனார். எதற்காவது ஊற்றியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை பூக்கார அம்மா வரவில்லை. ஃபோன் செய்தால் எடுக்கவில்லை. சனிக்கிழமை எடுத்தார், கல்யாண ஆர்டர், வரேன், வரேன் என்று சொல்லி வைத்துவிட்டார். வியாபாரிகளின் வரேன் என்பதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். மகள் இலையைக் கசக்கி முகர்வதையே விட்டுவிட்டாள். முகர்ந்து முகர்ந்து மூக்கு மரத்துவிட்டது, இருப்பது வாசமா ஆசையா என்று தெரியவில்லை என்றாள். எனக்கும் அதே நிலைதான். இட்லி மாவில்கூட மருக்கொழுந்து மணத்தது.

திங்கட்கிழமை இரவு சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "அம்மா, என் பழைய பை எங்க? ஜிப் போயிருந்திச்சே, தைக்கக் குடுக்கணும்."

"தெரியலயே," என்றேன்.

பீரோ எனக்குப் பின்னால்தான் இருந்தது. என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த வாரம் அவர் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது.

மறுநாள் எனக்குப் பாடத்தில் மனம் ஓடவில்லை. மதியத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். மகள் கணினியை மூடிவிட்டு அங்கே வந்திருந்தாள். என் கணவரும் வேலைக்குப் போகாமல் வந்து, தள்ளி, வேலிக்கு வெளியே நின்றிருந்தார். வெயில் தாழ்ந்த நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பூக்கார அம்மா இறங்கினார். கனத்த உடம்பு, நெற்றி நிறையக் குங்குமம். இறங்கியதும் இடுப்பிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை உறிஞ்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மகளின் வாழ்க்கையை எடைபோடப்போகிற மூக்கு இதுதானா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

"இன்னா டீச்சரம்மா, தோட்டத்துக்குப் பூட்டெல்லாம் போட்டிருக்கீங்க? தங்கமா வெளையுது?" என்றபடி உள்ளே வந்தார். கேட்டுப் பக்கத்துச் செடிகளைப் பார்த்ததும் நின்றார். ஒரு இலையைத் தொட்டார், கிள்ளக்கூட இல்லை. "இது இன்னாம்மா இது, பருப்புல போட்டு கடையறதுக்கா?"

என் மகள் மேட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே ஏறினார். கடைக்கோடியில் நான்கைந்து கொழுந்தைக் கிள்ளினார். முகர்ந்து பார்ப்பார் என்று காத்திருந்தேன். கொண்டையைத் தடவி, அதில் செருகிக்கொண்டார்.

"மோந்து பாக்கலயா?" என்றேன்.

"நான் எதுக்கு மோந்துகினு? எனக்கு இந்தப் பொடிய விட்டா ஒண்ணும் தெரியாது. வாங்குறவ தலைல வெச்சிகினு போவா, பின்னாடி வர்றவங்கதான் சொல்லணும்." என் கணவரைக் கூப்பிட்டார். "நைனா, இங்க வா. உனக்கு மூக்கு நல்லா இருக்குதில்ல? என் பின்னாடி வா. ரொம்ப ஒட்டாத. ரெண்டு எட்டு தள்ளி வா."

எல்லோரையும் விட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டார். மீனுக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரியாத மூக்கு. அந்த அம்மா வரப்பின் மேல் அசைந்து அசைந்து நடந்தார். என் கணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயில் சுற்றுவதுபோலப் பின்னால் நடந்தார். பாதி வரப்பில் அவர் நடை நின்றது. கண்ணாடியைக் கழற்றினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததே போதுமாயிருந்தது. என் மகளிடம் வந்து, கொண்டையிலிருந்த கொழுந்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"கேட்டாண்ட கீறது எனக்கு வேணாம், உழுதுடு. இந்த மேட்டுல கீறது பூரா எனக்கு. நாளைக்கு பனி காஞ்ச பின்னாடி அறுத்துக் கட்டி வை, ஈரம் இருக்கக் கூடாது. நாளன்னிக்கு விடிகாலை ரயிலுக்கு ஏத்தணும்," என்றார். பிறகு என் முகத்தில் என்ன பார்த்தாரோ, என் பக்கம் திரும்பினார். "இன்னாத்துக்கு டீச்சரம்மா இப்டி பாக்கறீங்க? பொண்ணு ஸ்டேஷனுக்கு வரவேணாம். கட்டெல்லாம் என் ஆளு ஏத்திக்குவான்."